சாம்சன் குரலில் ஒரு சாவுச் சேதி

பொன்னேரி,
25.9.2025, வியாழன்.

அன்புள்ள சாம்சனுக்கு,

எளாவூர் அருணாச்சலம் இதை உன் கையில் கொடுப்பான். உங்கள் கம்பெனிக்கே வெல்டராக வருகிறான், சனிக்கிழமை விமானம். போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதில் நான் குறைப்பட ஒன்றும் இல்லை. கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிழி. அது உன் அப்பாவைப் பற்றியது.

உங்கள் வீட்டுச் சேதி முதலில். தங்கை சுகிர்தாவுக்கு ஷிப்ட் மாறிவிட்டது. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் கவரப்பேட்டை கூட்டுரோட்டுக்கு வருகிறது, திரும்பி வர மூன்றரை ஆகிறது. அப்பாவின் இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள், வலது கண்ணில் போன வருடம் செய்தது நன்றாக இருக்கிறது. போன வாரம் பெய்த மழையில் அம்மாவின் கல்லறையில் மண் ஒரு சாண் இறங்கிவிட்டது. சுகிர்தா இரண்டு கூடை மண் போட்டுச் சரி செய்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். தூரத்தில் நின்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14 அன்று நடந்ததை நீ துண்டு துண்டாக, அதுவும் போனில் பார்த்திருப்பாய். அதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் விட்டுவிடவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நீ ஓமனுக்குக் கிளம்பும் முன், என் மைக்செட் கடையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, ஆட்டோவில் ஓட்டும் அறிவிப்புகளுக்காகப் பேசிப் பதிவு செய்து கொடுத்தாய். கும்மிடிப்பூண்டியிலிருந்து சோழவரம் வரை எல்லா ஊர்ப் பெயரும், கிழமை, தேதி, மணி, ‘அனைவரும் வருக’, ‘ரைடு போகிறார், பிடித்தார்’ என்று கபடி வர்ணனையும். ரோலிங் மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பேசினாய். நீ இல்லாதபோது வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்றாய். ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: “சாவு சேதிக்கு மட்டும் என் கொரல போடாத. மூஞ்சியப் பாக்காம நான் சாவு சொன்னதில்ல.” அது உன் பழக்கம். யார் கூப்பிட்டாலும் முதலில் துக்க வீட்டுக்குப் போய், படுத்திருக்கிறவரின் முகத்தைப் பார்த்து, பெயரும் வயதும் பிள்ளைகள் பெயரும் கேட்டு எழுதிக்கொண்டு வந்துதான் மைக்கைத் தொடுவாய். அதனால்தான் உன் அறிவிப்பைக் கேட்டு ஊர் அழுதது. நான் அது உன் தொண்டையால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடக் கடைசியில் அந்த ஏ.ஐ. மென்பொருள் வந்தது. உன் பதிவை உள்ளே போட்டேன். இருபது நிமிடத்தில், நாம் தட்டச்சு செய்வது எதுவானாலும் நீ பேசினாய். வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. முதலில் கபடிக்குப் போட்டேன், பிறகு துணிக்கடைத் திறப்புக்கு. பிப்ரவரியில் புதுவாயலில் ஒருவர் இறந்தபோது அவருடைய மகன், “அண்ணே, சாம்சன் அண்ணன் கொரல்லயே போடுங்க, அப்பாக்கு புடிக்கும்” என்றான். போட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஜூலைக்குள் பதினொரு சாவு சொன்னாய், நீ அறியாமலே.

ஆகஸ்ட் 14 காலை ஏழே முக்காலுக்கு அம்மா போனார். எட்டு பத்துக்குச் சுகிர்தா எனக்குப் போன் செய்தாள். அழுதுகொண்டே தெளிவாகத்தான் சொன்னாள்: “அண்ணா, அண்ணனுக்கு இன்னும் சொல்லல. கிரேன் மேல இருக்கும். அண்ணன்கூட வேல செய்ற ஜோஷ்வா கிட்ட சொல்லிக்கீறேன், ஷிப்ட் முடிஞ்சி கீழ எறங்கனதும் பக்கத்துல உக்காந்து அவர் சொல்லுவாரு. நீங்க ஊருக்கு மட்டும் ஆட்டோ வுட்டுடுங்க.” நான் சரி என்றேன். இந்த வார்த்தைகளை நான் மறந்துவிடவில்லை. அன்றும் மறந்திருக்கவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. கடையில் உட்கார்ந்தே எழுதினேன். வழக்கமாக ‘சாம்சன், சுகிர்தா ஆகியோரின் தாயார்’ என்றுதான் போட வேண்டும். உன்னால் வர முடியாது, குரலாவது வரட்டும் என்று தோன்றியது. அப்போது அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. ‘என்னைப் பெற்ற தாய் சாராள் அம்மாள், வயது அறுபத்திரண்டு, இன்று காலை எட்டு மணியளவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பதை, மகன் சாம்சன் ஆழ்ந்த துயரத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று தட்டச்சு செய்தேன். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டுதான் என்று பிறகு தெரிந்தது. ஒன்பது பத்துக்கு ஆட்டோ சுப்பிரமணி ஸ்பீக்கர் குழாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஒன்பது இருபத்தைந்துக்கு அதே ஒலியோடு அம்மாவின் படத்தைச் சேர்த்து என் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றினேன். பிறர் கடைப் பெயரை வெட்டிவிட்டுப் பரப்பியதால், யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று காலனியில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சுகிர்தாகூட ஆட்டோ பின்னால் வந்த பையன்களைத்தான் சந்தேகப்பட்டாள். ஏற்றியது நான். அஞ்சலி என்று மேலே எழுதினேன், கீழே கடையின் போன் நம்பரைப் போட்டேன். அது ஓமனுக்கும் போகும் என்று தெரியாதவன் இல்லை நான். இருபது வருடமாக இதே தொழில்.

உங்கள் ஊர் நேரம் பத்து மணிக்கு டீ இடைவேளை என்றும், கேன்டீனில் யாரோ ஒருவர், “இது உன் வாய்ஸ் மாதிரி கீதுபா” என்று போனை நீட்டினார் என்றும் ஜோஷ்வா சுகிர்தாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா செத்த சேதியை நீ உன் வாயாலேயே கேட்டாய். இந்த வரியை இதற்கு முன் இரண்டு தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். வேறு விதமாக எழுத வரவில்லை.

இங்கே நடந்தது இது. பதினொரு மணிக்குச் சுப்பிரமணி ஊர் சுற்றி முடித்து உங்கள் தெருவுக்குள் வந்தான். பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள், பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பின்கட்டில் இருந்தார். குரல் கேட்டதும் எழுந்து வெளியே வந்தார். “சாமு வந்துட்டான். பொட்டிய மூடாதீங்க, அவன் பாக்கட்டும்” என்றார். உன் சித்தப்பா, “அது சாமு இல்ல, சும்மா மிசினு” என்று கையைப் பிடித்தார். “போடா, என் புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?” என்று உதறிவிட்டு ஆட்டோவுக்கு நடந்தார். உள்ளே கையை விட்டுப் பின்சீட்டைத் தடவிப் பார்த்தார். சுப்பிரமணி பதறிப்போய் ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டான். ‘மகன் சாம்சன்’ என்பதோடு குரல் நின்றது. அப்பா அவனிடம், “ஏன்பா நிறுத்திட்டான்? எறங்கச் சொல்லு” என்றார்.

அதை ஒருவன் படம் பிடித்தான். அந்தப் படமும் என் ஒலியும் சேர்ந்து போன தூரம் உனக்குத் தெரியும். ‘ஓமனிலிருந்து அழைத்த மகன்’ என்று ஒருவன் சோக இசை போட்டான். ஏ.ஐ. நல்லதா கெட்டதா என்று நாலு பேர் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். ‘இன்று காலை எட்டு மணியளவில்’ என்ற உன் குரலை மட்டும் வெட்டி எடுத்து, திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பச் சோம்பல்படுகிறவர்களைப் பற்றிய வேடிக்கை வீடியோவில் ஒட்டினார்கள். அதை மட்டும் நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது இருந்த கணக்கு அது.

சென்னையிலிருந்து ஒரு சேனல்காரர் வந்து என்னைப் பேட்டி எடுத்தார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நட்புக்காகச் செய்தேன் என்று சொன்னேன். இரண்டு நாள் எனக்கு அது பிடித்திருந்தது, சாம்சன். திருத்தணியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, படுக்கையில் இருக்கிற தன் அப்பாவின் குரலை இப்போதே எடுத்து வைத்தால், அவர் சாவை அவரே சொல்வது போலப் போட முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுநாள் அவரைக் கூப்பிட்டு முடியாது என்றேன்.

அம்மா போன அன்று மாலையே நீ எனக்கு அனுப்பியது ஒரே வார்த்தை: ‘அழிச்சிடு.’ ‘அழிச்சிட்டேன்’ என்று உடனே பதில் போட்டேன். அது பொய். ஒரு கபடிப் போட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அது முடியட்டும் என்று வைத்திருந்தேன். போட்டி ஆகஸ்ட் 31-இல் முடிந்தது. அதற்குப் பிறகும் அழிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்வதற்கில்லை.

இனி எழுதுவதுதான் நீ படிக்க வேண்டியது.

போன வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பா என் கடைக்கு வந்தார். கவரப்பேட்டையில் தனியாக ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். சுகிர்தாவுக்குத் தெரியாது. எழுந்து நின்றேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டி, “அதுல கீறவன கொஞ்சம் பேசச் சொல்லேன்” என்றார்.

நீ இப்போதெல்லாம் போனில் பேசுவதில்லையாம். சுகிர்தாவுக்குத் தட்டச்சு செய்து அனுப்புகிறாயாம், அவள் படித்துக் காட்டுகிறாளாம். பேசப் பிடிக்கவில்லை, வாயைத் திறந்தால் அதே குரல் வருகிறது என்று எழுதியிருந்தாயாம். இதைச் சுகிர்தா எனக்குச் சொன்னாள். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

“இன்னா பேசணும் நைனா?” என்று கேட்டேன்.

“எதுனா. சாப்டியான்னு கேக்கட்டும்.”

செய்திருக்கக் கூடாது. அவர் எதிரில் உட்கார்ந்திருந்தபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘அப்பா, சாப்டியா?’ என்று தட்டச்சு செய்து ஓட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு முறை என்றார். பிறகு, “இவன் மைக்ல பேசறான்பா. ஊட்ல சாமு இப்டியா பேசுவான்? பாதிய வாய்லயே முழுங்கிக்கினு பேசுவான், நாந்தான் இன்னா இன்னான்னு கேப்பேன்” என்றார். வேகத்தைக் குறைத்தேன், குரலைத் தாழ்த்தினேன். மூன்று முறை மாற்றிப் போட்டேன். வரவில்லை. என்னிடம் இருந்தது ஊருக்காக நீ பேசிய குரல் மட்டும்தான். அப்பாவோடு நீ பேசியதை நான் எங்கே பதிவு செய்தேன்?

“வுடுபா, நீ இன்னா பண்ணுவ” என்றார் அவர். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்: “அவன் பேசாததுக்கு நெட்டு இன்னா பண்ணும்? எனக்குத் தெரியாதா? நான் போயி ஆட்டோவத் தடவிக்கினு நின்னத உலகமே பாத்துச்சி. அங்க அவன்கூட வேல செய்றவன்லாம் பாத்து சிரிச்சிருப்பான். அப்பனால மானம் போச்சின்னு கோவம். அதான?”

ஆறு வாரமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், சாம்சன்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வேண்டாம் என்று சொன்னதை, நான் செய்ததை, ஏற்றியது நான்தான் என்பதை. மகனுக்கு என் மேல்தான் கோபம், உங்கள் மேல் இல்லை என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “நீ சொன்னா ஆச்சா? அவன் சொல்லட்டும்” என்று எழுந்துகொண்டார். ரயிலில் கூடவே போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வழியில் மழை வருமா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

அன்று மாலை கடைக்குத் திரும்பி உன் குரலை அழித்தேன். மென்பொருளில் இருந்தது, நீ பேசிக் கொடுத்த மூலப் பதிவு, பென் டிரைவில் இருந்த நகல், எல்லாவற்றையும். என் கடைப் பக்கத்தையும் மூடிவிட்டேன். பிறர் எடுத்துப் போட்டவை எங்கெங்கோ இருக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லி முப்பத்தேழு பேருக்கு எழுதினேன், ஒன்பது பேர் நீக்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். சுகிர்தாவிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ என்னிடம் பேச வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் வேண்டாம். மன்னிப்பு என்ற சொல்லை உன்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

அப்பாவிடம் மட்டும் பேசு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அன்று சுகிர்தாவுக்கு விடுமுறை, போன் அவர் மடியிலேயே இருக்கும். உங்கள் ஊருக்குப் பத்து மணி. கோபம் அவர் மேல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல். சொல்ல வரவில்லையென்றால் சும்மா இரு, பிடித்துக்கொண்டிரு. இருமினாலும் போதும், அவருக்கு அது நீ என்று தெரிந்துவிடும்.

கிரேனில் ஏறி இறங்கும்போது கவனம். உன் தாயின் ஆசீர்வாதம் உன்னோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
மோகன்ராஜ்