எட்டுக் கண்ணாடி

மார்ச் 3, திங்கள்
நூலகத்து வாசிப்பறையில் எட்டு ஜன்னல் கண்ணாடியும் துடைத்தாயிற்று. தரையிலிருந்து கூரை வரை. பதினோரு வருஷமாய் வேறு யார் கையும் படவிட்டதில்லை. உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத் தலை சீவத்தான் வருகிறார்கள்.
வெளிப்பக்கம் ஒரு தேன்சிட்டு செத்துக் கிடந்தது. பத்து நாளில் இது நாலாவது. பூனை வேலை என்று நினைத்திருந்தேன். பூனை என்றால் தின்னாமல் விடுமா?

மார்ச் 4
மருமகளிடம் சொன்னேன். "அதுக்கும் வயசாகி கண்ணு மங்கியிருக்கும் அத்தை" என்கிறாள். அந்த ‘அதுக்கும்’ யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 6
கண்ணெதிரே பார்த்துவிட்டேன். மீன்கொத்தி. விசிறியெறிந்த மாதிரி வந்து ஐந்தாம் கண்ணாடியில் — டம்!
கையில் எடுத்தேன். கனமே இல்லை, நெஞ்சு மட்டும் படபடவென்று அடிக்கிறது. அட்டைப்பெட்டியில் துணி விரித்து மூடி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் பறந்தது.
அது விழுந்த இடத்தில் குந்தி, கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியே காணோம். மரம் இருக்கிறது, வானம் இருக்கிறது.
அடிப்பாவி. எல்லாம் என் கைவேலையா?

மார்ச் 7
எழுத ஓடவில்லை.

மார்ச் 10
ஐந்தாம் கண்ணாடியில் மட்டும் சோப்பு நுரையைக் கோடு கோடாய் இழுத்துக் காயவிட்டேன். நாலு விரல் இடைவெளி. எட்டிலும் இழுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மார்ச் 14
மேனேஜர் கூப்பிட்டார். "என்னம்மா, அஞ்சாவது ஒரே அழுக்கு? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கலாம்."
எனக்கா முடியல? என்னைப் பாத்தா இப்படிக் கேக்குறார்?
அஞ்சு நிமிஷ வேலை, தொடச்சா என் பேரு நிக்கும். துணிய நனச்சேன், பிழிஞ்சேன். திரும்ப வாளியிலயே போட்டுட்டேன். மனசு வரல.

மார்ச் 17
காலையில் இரண்டாம் கண்ணாடியடியில் ஒரு மைனா. உயிர் இருந்தது. பெட்டியோடு நேரே மேனேஜர் மேஜைக்குப் போனேன்.
"சார், ஒரு வாரத்துல இது மூணாவது. நீங்க அழுக்குன்னு சொன்னீங்களே, அதுல மட்டும் ஒண்ணும் அடிபடல. வெளிய வந்து கொஞ்சம் குந்திப் பாருங்க."
"குந்தணுமா?"
"பேன்ட் பத்திரம்."
குந்தினார். "மரம்தாம்மா தெரியுது" என்றார்.
"அதத்தான் சார் சொல்றேன்."
மூடியை அவரையே திறக்கச் சொன்னேன். மைனா அவர் தோளில் ஏறி, சட்டையில் ஒரு முத்திரை வைத்துவிட்டுப் பறந்தது. சிரிக்கக் கூடாதென்று வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 24
வெள்ளைப் பெயின்ட் வந்துவிட்டது. எட்டிலும் கோடு போட வெளியாள் வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். என் கண்ணாடியில் வெளியாளா? ஏணி பிடிக்க மருமகளைக் கூட்டிப் போனேன். "அத்தை, வளையுது, வளையுது" என்று நாள் முழுக்க ஒரே கூச்சல். வளையவில்லை. நூல் கட்டியல்லவா இழுத்தேன்.

ஏப்ரல் 21
தினமும் முதலில் சுவரடியைத்தான் பார்க்கிறேன். சருகு, ஒரு பேனா மூடி. வேறொன்றுமில்லை.
இன்று உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தபோது, பேர் தெரியாத ஒரு பச்சைக் குருவி நேரே என் முகத்துக்கு வந்தது. ஒரு முழம் இருக்கும்போது சட்டென்று திரும்பி, மரத்தில் போய் உட்கார்ந்தது. நிஜ மரத்தில்.