பதில் எழுதாத இருபத்து மூன்று பேர்

செப்டம்பர் 2
வெள்ளம் வந்தால் கைகொடுத்து வெளியேற்ற வேண்டியவர்கள் யார் யார்? எங்கள் குடியிருப்போர் சங்கத்துக் கணினியில் பட்டியல் எடுத்தேன். நூற்று நாற்பது வீட்டில் ஒன்பதே பேர். தெருவில் பாதிப் பேர் எண்பது வயதைத் தாண்டியவர்கள்!

செப்டம்பர் 3
காரணம் தெரிந்தது. படிவத்தில் ‘உதவி தேவையா?’ என்ற கட்டத்தைப் பலர் நிரப்பவே இல்லை. சங்கத் தலைவர் குரேமட்சு கணினியிடம் பட்டியல் கேட்க எழுதி வைத்த எஸ்க்யூஎல் வினவலோ, ‘ஆம்’ என்றால் ‘உதவி’, மற்றதெல்லாம் ‘தேவையில்லை’ என்கிறது. வெற்றுக் கட்டங்களை அந்த ‘மற்றதெல்லாம்’ விழுங்கிவிட்டது.

போனில் அவரிடம் சொன்னேன். “வேணும்னா எழுதியிருப்பாங்கல்ல டீச்சர்? எழுதலைன்னா வேணாம்னுதானே?”

இந்த ஊரில் பிறந்தவர் பேசுகிற பேச்சா இது? அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுகிறவர்கள் ‘ஆம்’ என்று எழுதுவார்களா? ‘இல்லை’ என்று பொய் சொல்லவும் மனம் வராது. விட்டுவிடுவார்கள். தேர்வுக்கே வராத பிள்ளைக்கு நான் பூஜ்யமா போட்டேன்?

செப்டம்பர் 5
‘இல்லை’ என்று எழுதியவர்களைத் தவிர மற்றவர்களைக் கொடு என்று கேட்டேன். மறுபடி அதே ஒன்பது! சே.

செப்டம்பர் 6
இப்போதுதான் பிடிபட்டது. வெற்றுக் கட்டம் ‘இல்லை’க்குச் சமமா என்றாலும், சமமில்லையா என்றாலும், கிடைக்கிற பதில் ஒன்றுதான் — தெரியாது. தெரியாததைப் பட்டியலில் சேர்க்காது. பிரிக்காத விடைத்தாளைச் சரி என்றோ தப்பு என்றோ எப்படிச் சொல்வது? ‘வெற்றா?’ என்றே நேராகக் கேட்க வேண்டும்: இஸ் நல். இதற்கா இரண்டு நாள் போச்சு!

வெற்று என்றால் ‘நேரில் போய்க் கேள்’ என்று வினவலில் மூன்றாவதாக ஒரு கிளை சேர்த்தேன்.

செப்டம்பர் 7
இருபத்து மூன்று பேர். பதினொன்றாவது பெயர் ஹிராயாமா கினுயோ.

நான்தான்.

படிவம் வந்தது ஏப்ரலில், முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு நடந்த நேரம். அந்தக் கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது. பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். குரேமட்சுவை என்னவெல்லாம் திட்டினேன்!

செப்டம்பர் 8
குரேமட்சுவிடம் பட்டியலைக் கொடுத்தேன். பதினொன்றில் அவர் விரல் நின்றது. “இருபத்து மூணு வாசலையும் நானே தட்டறேன்” என்றார்.

செப்டம்பர் 12, பள்ளி உடற்பயிற்சிக் கூடம்
இந்த ஆண்டின் பதினான்காம் எண் புயல். ஆற்று நீர் கரையின் விளிம்பைத் தொட்டுவிட்டதாம். இருபத்து மூவரில் பத்தொன்பது பேர் இங்கே சோற்று உருண்டை தின்றுகொண்டிருக்கிறோம். மற்ற நால்வரும் பிள்ளைகள் வீட்டில்.

மதியம் குரேமட்சு சக்கர நாற்காலியோடு என் வீட்டு வாசலில் நின்றார். “ஐயோ, வேண்டாங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றேன்.

“அன்னைக்கு வந்து கேட்டப்போ ‘பார்க்கலாம்’னீங்க. அதை எந்தக் கிளையில போடறது டீச்சர்? ஏறுங்க.”

ஏறினேன்.