அடக்கிய இருமல்

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பதறாதே, சின்ன விஷயம்தான். போன வாரம் எனக்குச் சளியும் இருமலும். பன்றிக் கொட்டகை வாசலில் சூப்பர்வைசர் தினமும், "யாருக்காவது சளி, காய்ச்சல் இருக்கா?" என்று கேட்பார். இருந்தால் அறையில் படுத்துக்கொள்ளலாம், சம்பளமும் பிடிக்க மாட்டார்கள். நான் "இல்லீங்க" என்றுவிட்டேன். பேச்சுத்துணை இல்லாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடக்க முடியவில்லை அம்மா. கொட்டகையில் குட்டிகளாவது காலைச் சுற்றி வரும்.

இப்போது அந்தக் குட்டிகள் இருமுகின்றன. கால்நடை டாக்டர் வந்தார். "மனுஷன் ஜுரமும் பன்னி ஜுரமும் ஒரே பன்னிக்குள்ள சேர்ந்தா, ரெண்டும் கலந்து புதுசா ஒண்ணு பொறக்கலாம். அது நம்மகிட்ட திரும்பி வந்தா, யார் உடம்பும் தாங்காம போகலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நான்தான் சார் இருமலோட வந்தேன்" என்றேன். அவர் திட்டவில்லை. குட்டிகளுக்குச் செய்தது போலவே என் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார். சோதனை முடிவு வரும்வரை அதே அறைதான், அதே சுவர்தான்.

போன் செய்தால் உடனே வைத்துவிடாதே. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை அணைக்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

சாப்பாடு வந்துவிட்டது, கதவைத் தட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ பயப்படுவாயே என்று போனில் இருமலை அடக்கிப் பழகியவன்தான், வாசலிலும் அடக்கிக்கொண்டு நின்றேன். இனி இருமல் வந்தால் இருமிவிடுவேன். நீ கேட்டுக்கொண்டிரு.

உன் மகன்