காலி இருக்கையின் நிறை

டுசல்டோர்ஃப், 4 மார்ச் 2024

அன்புள்ள லிசா,

நீயும் வீட்டாரும் சுகமென நம்புகிறேன். என் கணவர் எங்கள் கராஜில் கட்டிய இரண்டு இருக்கைக் கிளைடர் விமானத்தை உனக்கு விற்கச் சம்மதம். பறப்பு அனுமதி வருமுன் அவர் காலமாகிவிட்டார். இனி அந்த அனுமதியை நீதான் எடுக்க வேண்டும். ஆளில்லாமல் தராசில் நிறுத்துப் பார்த்து நிறைச்சான்று பெறு. சோதனைப் பறப்புகள் முடியும்வரை இரண்டாம் ஆளை ஏற்றாதே. இவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்ட பின்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவேன்.

உன் கடிதத்தில் திகதி இல்லை. அடுத்த முறை போடு.

கொறற்றி இன்னாசித்தம்பி

பிராங்பேர்ட், 19 மார்ச்

மதிப்புக்குரிய அன்ரி,

விதிகளுக்குச் சம்மதம். நீங்கள் அனுப்பிய கிளைடரை இங்கே தராசில் ஏற்றினோம், ஆனால் நிறைச்சான்று கிடைக்கவில்லை. அங்கிள் எழுதிவைத்ததைவிட எழுபத்துநாலு கிலோ கூடுதல். அவ்வளவும் முன்னிருக்கையில். மெத்தையைக் கழற்றினோம், தராசை மாற்றினோம், குறையவில்லை. பரிசோதகர் இன்னும் ஒருமுறைதான் வருவார். அப்போதும் இப்படியென்றால் அனுமதி இல்லை. சமநிலைக்கென்று அங்கிள் ஈயம் ஏதும் உள்ளே வைத்தாரா?

இன்னொன்று. காலையில் போனால் அந்த இருக்கையின் ஆசனப்பட்டி பூட்டிக் கிடக்கிறது. நான் பூட்டுவதில்லை.

லிசா

டுசல்டோர்ஃப், 23 மார்ச்

லிசா,

என் கணவர் எதையும் ஒளிப்பவரல்லர். கடைசியாக மருத்துவமனையில் நிறுத்தபோது அவர் எழுபத்துநாலு கிலோ. இதை எழுதுவதால் என்னைப் பேய்க்கதை நம்புகிறவள் என்று நினைக்காதே. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்.

பின்னிருக்கை எனக்காகக் கட்டியது. ஏறிப் பார் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "அனுமதி வரட்டும், ஏறுறன்" என்பேன். "அப்ப நான் இதிலயே இருந்து பாக்கிறன்" என்று முன்னால் ஏறி உட்காருவார். ஒரு மாலை அப்படி உட்கார்ந்தபடியே போனார். பட்டியை நான்தான் கழற்றினேன்.

தராசைப் பழுதுபார்.

கொறற்றி

பிராங்பேர்ட், 11 ஏப்ரல்

அன்பு அன்ரி,

நேற்றுப் பரிசோதகர் வந்தார். அதே நிறைதான். அவர் புறப்பட ஆயத்தமானார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்னிருக்கையருகே குனிந்து, "அங்கிள், இறங்குங்கோ. அன்ரி கட்டாயம் வருவா" என்று மெல்லச் சொன்னேன். பட்டி தானாகக் கழன்றது. தராசு இறங்கியது. அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை முதற் பறப்பு.

உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்ததற்கு மன்னியுங்கோ. அவர் எங்கே போனார் என்றுதான் தெரியவில்லை.

லிசா

டுசல்டோர்ஃப், 14 ஏப்ரல்

அன்பு மகள் லிசா,

கேளாமல் வாக்குக் கொடுத்தது தவறு. ஆனால் அது நான் ஏற்கெனவே கொடுத்திருந்த வாக்குத்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வருவேன். சோதனைப் பறப்புகள் முடியும்வரை மைதான ஓரத்தில் காத்திருப்பேன், விதி விதிதான். அதன்பிறகு பின்னிருக்கையில் ஏறுவேன்.

புதன்கிழமையிலிருந்து சாப்பாட்டு மேசையில் அவருடைய கதிரை பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. நான் அதைச் சரிசெய்யவில்லை.

ரயிலுக்கு இரண்டு ரிக்கற் எடுத்துவிட்டேன். ரிக்கற் இல்லாமல் எவரையும் நான் கூட்டிவர மாட்டேன்.

கொறற்றி