ஒரே அட்டையில் இரண்டு முகவரிகள்: என் கணவர் சலூன் தொலைக்காட்சியில் தெரிந்தது குறித்து

அனுப்புநர்
மூன்றாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய வீட்டின் வாடகைதாரர்,
ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர்.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
குடியிருப்பு வாரியம்.

பொருள்: வாரியத்தின் இணைய ஒப்பந்தப் பணியாளர் எங்கள் கணினியின் நெட்வொர்க் அட்டைக்கு நிலையான முகவரி ஒன்றும் மாறும் முகவரி ஒன்றும் கொடுத்து அப்படியே விட்டுச் சென்றது; அதன் பின் நடந்தவை; முடித்துவைத்த புகாரை மீண்டும் எடுக்கக் கோருதல்.

பார்வை: என் முந்தைய புகாருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய ஒரு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "ஒரே நெட்வொர்க் அட்டைக்கு இருவகை முகவரிகளும் அளிப்பது தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட்டதே. குறைபாடு ஏதுமில்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது." தங்கள் அலுவலகப் பதில் இவ்வளவுதான். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கணவருக்கு நேர்ந்ததைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். பதிலில் அவரைக் காணோம், அட்டை மட்டும் இருந்தது. ஆகவே முதலிலிருந்து மறுபடி எழுதுகிறேன். நிதானமாக எழுதவே முயல்கிறேன். எங்காவது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

2. என் கணவர் கிரேன் ஓட்டுநர். வேலையிடத்தில் ஏணியிலிருந்து தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஸ்ட்ரெச்சரில் வைத்து மூன்று மாடி தூக்கிவரப்பட்டவர். அன்றிலிருந்து படுக்கைதான். நான் வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பகலில் அவரைத் தனியே விட்டுப்போக மனம் கேட்கவில்லை. அதனால் படுக்கைக்கு நேர் மேலே ஒரு கேமரா மாட்டி, அந்தப் படம் வீட்டுக் கணினி வழியாக என் கைப்பேசிக்கு வரும்படி ஏற்பாடு செய்ய விரும்பினேன். வாரிய விதிப்படி வெளியாள் யாரும் இணையக் கம்பியைத் தொடக்கூடாது என்பதால் தங்கள் ஒப்பந்தப் பணியாளரையே அழைத்தேன்.

3. அவரை இக்கட்டடத்தில் எல்லோரும் 'ரெண்டு நிமிஷம்' என்றுதான் அழைக்கிறோம். எதைக் கேட்டாலும் "ரெண்டே நிமிஷம் அக்கா" என்பார். அவர் செய்தது இது. எங்கள் கணினிக்குக் கட்டடத்தின் இணையப் பெட்டி தானாகவே ஒரு முகவரி எண் தரும். அது அவ்வப்போது மாறும். கேமராவோ தொழிற்சாலையிலேயே போட்ட மாறாத எண்ணோடு வந்தது, அது வேறு வரிசை. இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டுமே என்று, கணினியின் அதே அட்டைக்குக் கேமராவின் வரிசையில் இரண்டாவதாக ஒரு நிலையான எண்ணையும் போட்டார். படம் வந்தது. "அவ்வளவுதான் அக்கா" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

4. இதில் தவறில்லை என்று தாங்கள் எழுதியது சரிதான். எங்கள் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருக்கும் தோழியும் அதையே சொன்னாள். "வேலை நடக்கிற வரைக்கும் ரெண்டு அட்ரஸ் போட்டுக்கலாம்டி. ஆனா கேமராவோட செட்டிங்ஸுக்குள்ளே போனதும் அதோட அட்ரஸை மாத்தணும், பாஸ்வேர்டை மாத்தணும், தற்காலிகமா போட்டதை எடுத்துடணும். மூணையும் செய்யாமலா போனான்?" என்று கேட்டாள். மூன்றையும் செய்யாமல்தான் போயிருக்கிறார்.

5. சில மாதங்களில் தரைத்தளத்தில் ஒரு சலூன் திறந்தார்கள். அங்கும் ஒரு கேமரா, அதன் படத்தைக் காட்டச் சுவரில் ஒரு தொலைக்காட்சி, அங்கும் அதே 'ரெண்டு நிமிஷம்'. அதே தொழிற்சாலை எண், அதே கடவுச்சொல், கணினி அட்டையில் அதே இரண்டாவது முகவரி. எங்கள் வீடும் சலூனும் ஒரே கம்பியில், நடுவில் எந்தத் தடுப்பும் இல்லாமல் இருக்கின்றன என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரே எண்ணில் இரண்டு கேமராக்கள் இருந்தால், கணினி கேட்கும்போது எது முந்திக்கொள்கிறதோ அதன் படம் வரும். அந்த நாட்களில் என் கைப்பேசியில் படம் அடிக்கடி உறைந்து நின்றது. 'ரெண்டு நிமிஷத்திடம்' சொன்னேன். "நெட் கொஞ்சம் ஸ்லோ அக்கா, தானா சரியாயிடும்" என்றார்.

6. போன மாதம் ஒரு நாள், காலர் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நடுவில் கைப்பேசியை எடுத்தேன். என் கணவரின் படுக்கை இருக்க வேண்டிய இடத்தில், கழுத்துவரை துணி போர்த்தி, முகமெல்லாம் நுரையோடு யாரோ ஓர் ஆள் சாய்ந்து கிடந்தார். வீட்டுக்குப் பேசினேன். "யாரு வந்திருக்கா?" என்றேன். "யாரும் வரலையே. ஏன், யாரையாவது வரச் சொல்லியிருந்தியா?" என்றார் என் கணவர். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

7. படியேறும் வழியில் சலூனின் கண்ணாடிக் கதவு. உள்ளே சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் என் வீடு, ஐயா. என் படுக்கை விரிப்பு. நான் காலையில் மடித்து வைத்துவிட்டுப் போன துண்டு. கால்வரை போர்வை விலகிக் கிடந்த என் கணவர். பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "டிவி அண்ணன் இன்னைக்கு என்ன, ஒரே டல்லா இருக்காரு? சாப்பிடலையோ?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். என் கணவருக்கு ஒரு பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

8. அங்கே நான் போட்ட சத்தத்தை இம்மனுவில் எழுதுவது மரியாதையாக இராது. சலூன்காரத் தம்பிக்குக் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிவிட்டது. "அக்கா, சத்தியமா உங்க வீடுன்னு தெரியாது. மேலேர்ந்து உங்க உச்சந்தலைதான் தெரியும். வகிடை வச்சே கண்டுபிடிச்சிருக்கணும், என் தொழிலே அதுதான்" என்று கும்பிட்டார். முதல் நாளே 'ரெண்டு நிமிஷத்திடம்' சொன்னாராம். "எங்கேயிருந்தோ வருது, தானா போயிடும்" என்று பதில் கிடைத்ததாம். நான் வேலைக்குக் கிளம்புமுன் என் கணவருக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்றுவேன். தம்பி கடை திறப்பதும் அதே நேரத்தில்தான். அதைக் கேட்டேன். "அந்த நேரத்துல டிவியை நிறுத்திடுவேன் அக்கா" என்றார். "அப்ப அது ஒரு வீடுன்னு தெரிஞ்சுதானேடா நிறுத்தியிருக்கே?" என்றேன்.

9. இதைவிடப் பெரியது இனிமேல்தான். பெஞ்சில் இருந்தவர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "ஆனாலும் அண்ணன் கெட்டிக்காரருங்க. முந்தாநாள் யாரும் பிடிக்காமலே எழுந்து உட்கார்ந்துட்டாரு. கடையே கைதட்டுச்சு" என்றார். மருத்துவர் எப்போது நடக்கும் என்று சொல்ல மறுத்தது அது. நான் வேண்டாத நாளில்லை. அவர் எழுந்து உட்கார்ந்ததைக் கட்டிய மனைவி பார்க்கவில்லை, சவரத்துக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன் என்பதையும் தங்கள் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

10. மாடிக்குப் போய் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் கட்டிலை உடைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். கேமராவைப் பார்த்தபடி கேட்டார்: "கீழ இருக்கிறவன் தெரியாம பார்த்தான். நீ?" எனக்குப் புரியவில்லை. "தெனமும் நீ போனை எடுக்க முடியாத மீட்டிங் நேரம் பார்த்துதான் எழுந்திருக்கப் பழகினேன். நான் தொப்பு தொப்புன்னு சாயறதை நீ பார்க்கக் கூடாதுன்னு. முழுசா வந்தப்புறம் உனக்குக் காட்டலாம்னு இருந்தேன். இதை என் தலைக்கு மேல மாட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

11. கேட்கவில்லை, ஐயா. அவர் நல்லதுக்குத்தானே என்று நினைத்தேன். பத்தடி தள்ளி நின்று தையல் பிசகைக் கண்டுபிடிக்கிறவள் நான். நானும் 'ரெண்டு நிமிஷமும்' அவர் தலைக்கு மேலே நின்று கோணம் சரிபார்த்தபோது, கீழே படுத்திருந்தவரின் முகத்தைப் பார்க்கவில்லை. இதற்கு வாரியம் பதில் சொல்ல முடியாது என்பது தெரியும். இதற்குரிய பதிலை வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

12. ஆனால் மற்றவற்றுக்கு வாரியம்தான் பதில் சொல்ல வேண்டும். இதே பணியாளர் இந்தக் கட்டடத்தில் இன்னும் பல வீடுகளில் கேமரா மாட்டியிருக்கிறார். இரண்டாம் மாடியில் கைக்குழந்தையின் தொட்டிலுக்கு மேலே ஒன்று இருக்கிறது. அது யார் சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

13. ஆகவே நான் கோருவது: முடித்துவைத்த புகாரை மீண்டும் எடுக்க வேண்டும். அந்தப் பணியாளர் கை வைத்த ஒவ்வொரு கணினியிலும் மறந்து விட்டுப்போன இரண்டாவது முகவரியை நீக்கி, கேமராக்களுக்குத் தனித்தனி எண்ணும் கடவுச்சொல்லும் போட வேண்டும். ஒரு வீட்டின் கம்பி வழியாக இன்னொரு வீட்டுக்குள் எட்டிப்பார்க்க முடியாதபடி தடுப்பு வைக்க வேண்டும். அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனால் இனி அந்த இரண்டு நிமிடம் முடிந்த பிறகு, வேறொருவர் வந்து சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும்.

14. கடைசியாக ஒன்று. இது என் கணவர் சொல்லி நான் எழுதுவது. கேமரா மாட்டுவதற்கான வாரிய விண்ணப்பத்தில் வாடகைதாரர் கையெழுத்துக்கு மட்டும் இடம் இருக்கிறது. அதன் கீழே இன்னொரு கோடு போடச் சொல்கிறார். கேமரா யாரைப் பார்க்கப்போகிறதோ அவர் கையெழுத்துக்கு. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஏணியையே எடுக்கக்கூடாது என்கிறார். எங்கள் வீட்டுக் கேமராவைக் கழற்றியாகிவிட்டது. சலூன்காரத் தம்பி ஓர் அழைப்பு மணியை வாங்கிவந்து, பொத்தானைப் படுக்கையிலும் மணியைத் தன் கடையிலும் வைத்திருக்கிறார். என் கணவர் அழுத்தினால் தம்பி மேலே வருவார், அழுத்தாவிட்டால் வரமாட்டார். அந்தப் பேச்சை இருவரும் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொண்டார்கள்.

15. தாங்கள் நேரில் வந்து பார்க்க விரும்பினால் வரலாம். கதவைத் தட்டிவிட்டு, அவர் 'வாங்க' என்று சொல்லும்வரை வெளியே நிற்குமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நடவடிக்கையை எதிர்நோக்கி,

இடம்: மூன்றாம் மாடி வீட்டின் கூடம்
நாள்: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு

(ஒப்பம்)
வாடகைதாரர்

(ஒப்பம்)
வாடகைதாரரின் கணவர்

குறிப்பு: இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். அவர் தானாக எழுந்து உட்கார்ந்து போட்டது. அப்போது நான் அறையில் இல்லை. வெளியே நிற்கச் சொன்னார், நின்றேன்.