பிழையென்று சொல்லாத கதவு

1987 மார்ச் 7, சனி

பின்னேரம் இரண்டு அமெரிக்கப் பொடியள் எங்கள் லண்டன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப்பட்டி. இரண்டு பட்டியிலும் ‘எல்டர்’ என்று இருந்தது. மூத்தவர் என்று அர்த்தம். ஒருவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. மோர்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவச் சபையாம். வெளியே மழை. அண்ணை உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டு பேரும் தொடவில்லை. நன்றி, வேண்டாம் என்றார்கள்.

அண்ணையின் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். ஊரில் எங்கள் வீட்டுப் படலைக்கு வந்த வாத்திமாரும் விதானையும் ‘இப்பதான் குடிச்சிட்டு வாறம்’ என்று சொல்லும்போது அப்பாவுக்கு வருகிற முகம். பனையில் கள்ளுச் சீவுகிறவன் வீட்டில் வாய் நனைத்தால் அவர்களுக்குச் சாதி போய்விடும். தேத்தண்ணிக் கடையிலும் அப்பாவுக்குப் பின்பக்கம்தான், பால்மா வந்த தகரப் பேணியில். கண்ணாடிக் கிளாஸ் முன்னால் இருக்கிறவர்களுக்கு.

மூத்தவன் விளக்கம் சொன்னான். அவர்களுடைய சமயத்தில் தேயிலை, கோப்பி, குடி ஒன்றும் இல்லையாம். அண்ணை நம்பவில்லை. “அப்ப தண்ணி?” என்று கேட்டார். தரச் சொன்னான். அண்ணை தானே எழும்பிப் போய் எங்கள் கிளாசில் கொண்டுவந்து கொடுத்தார். அவன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்ததை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு, “நல்ல பொடியள்” என்றார்.

ஒரு கிளாஸ் தண்ணீரோடு முடிந்தது காரியம்.

மார்ச் 21

திரும்பவும் வந்தார்கள். நான் தேத்தண்ணி போடவில்லை. அறைக்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

அண்ணை இன்று அவர்களுடைய ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அங்கை ஒருத்தரும் நீ எந்த ஊர், ஊரிலை எந்தப் பக்கம் எண்டு கேக்கேல்லை, பிள்ளை.”

போன வருசம் ரெய்னர்ஸ் லேனில் தில்லையம்பலம் வீட்டில் அறை எடுத்திருந்தோம். முதல் கிழமை அந்த மனுசன் எங்களுக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தார். அகதிக்கு அகதி உதவவேணும் என்று பேசினார். இரண்டாம் கிழமை ஊரைக் கேட்டார். பிறகு ஊரில் எந்தப் பக்கம், கோயிலடியோ, கடற்கரையோ, பனங்காட்டுப் பக்கமோ என்று கேட்டார். மூன்றாம் கிழமை, “மருமகன் வாறார், அறை வேணும்” என்றார். மருமகன் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் ஸ்ட்ரெதத்தில், தமிழ் முகம் குறைந்த தெருவில் இருக்கிறோம்.

இந்தச் சனம் குண்டுக்குப் பயந்து ஓடும்போதும் சாதியை மறக்காமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அதுக்காக? வெள்ளைக்காரனின் ஞானஸ்நானத் தொட்டிக்குள் குதிக்கிறதோ?

ஜூன் 14

குதித்துவிட்டார். அண்ணை இராஜேந்திரன், 27 வயது, வெள்ளை உடுப்போடு தண்ணீருக்குள் முழுதாக. நான் போகவில்லை.

ஜூலை 12

இன்று தலையில் கை வைத்து அண்ணையைக் குருவாக்கினார்களாம். அந்தச் சபையில் ஆண்கள் எல்லாருக்கும், பன்னிரண்டு வயதுப் பொடியனுக்குக் கூட, அந்த அதிகாரம் உண்டாம். அண்ணை சிரித்துக்கொண்டு வந்தார். ஊர்க் கோயிலில் மணியைத் தொட விடப்படாதவரின் மகனைக் குருவாக்கி இருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது. நான் சோறு போட்டுக் கொடுத்தேன்.

செப்டெம்பர் 13, ஞாயிறு

சும்மா ஒருமுறை வந்து பார் என்று கெஞ்சினார். போனேன். நூறு பேர் இருப்பார்கள். கறுப்பர் ஐந்தாறு பேர். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கத்தரின், பிரிக்ஸ்டனில் நர்ஸ். பெற்றோர் பார்படோஸ்காரர். கோட் போட்ட சின்னப் பொடியள் தட்டில் நற்கருணைப் பாண் துண்டுகளை வரிசை வரிசையாகக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

முடிந்தபின் வாசலில் பேசிக்கொண்டு நின்றோம். கத்தரின் அந்தப் பொடியளைக் காட்டி, தன்னுடைய அப்பா இந்தச் சபையில் ஒன்பது வருசம் இவர்களைப் போன்ற பொடியளிடம் பாண் வாங்கித் தின்றவர், ஆனால் அந்தத் தட்டைத் தூக்க அவருக்கு அனுமதி இருக்கவில்லை என்றார். நான் விளங்காமல் பார்த்தேன். ஆபிரிக்க வழியில் வந்த கறுப்பருக்கு 1978 வரைக்கும் குருத்துவம் இல்லை, அது இல்லாமல் தட்டைத் தூக்க ஏலாது என்றார். கறுப்பு ஆணோ பெண்ணோ அவர்களுடைய பெரிய கோயிலுக்குள் போய்ச் சடங்கு செய்யவும் ஏலாது. நூற்றிருபத்தைந்து வருசத்துக்கு மேலாக அப்படி.

காலநிலை சொல்வது போலச் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். முதல் கொலை செய்த காயீனின் சாபம் என்று சிலர் படிப்பித்தார்களாம். பிறப்பதற்கு முன் மேலுலகத்தில் ஒரு போர் நடந்ததாம், அதில் உறுதியாக நிற்காதவர்கள்தான் கறுப்பாகப் பிறந்தார்கள் என்று வேறு சிலராம். அவர்களுடைய வேதப் புத்தகத்திலேயே தோல் கறுத்தது சாபத்தால் என்று வருகிறதாம். திருந்தினால் வெள்ளையாவார்கள் என்று இருந்த ஓரிடத்தை மட்டும் ஆறு வருசத்துக்கு முன் ‘தூய்மையாவார்கள்’ என்று திருத்தினார்களாம்.

பிறப்பதற்கு முன் செய்த குற்றம். எங்கட சனம் போன பிறப்பு எண்டு சொன்னது. கடல் கடந்து வந்தாலும் அதே கதைதான்.

செப்டெம்பர் 14

நேற்று இரவு சண்டை. எழுத ஏலாமல் படுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டேன். தெரியும் என்றார். பொடியளிடம் மார்ச்சிலேயே கேட்டுவிட்டாராம்.

“அது ஆபிரிக்க ஆக்களுக்குத்தான், பிள்ளை. எங்களுக்கு ஒருநாளும் தடை இருக்கேல்லை. நாங்கள் அந்த ஆக்கள் இல்லை.”

நாங்கள் அந்த ஆக்கள் இல்லை. என்ர அண்ணை. பேணியிலை தேத்தண்ணி குடிச்ச மனுசன்ர பிள்ளை. தனக்குக் கீழை ஒரு ஆள் கிடைச்சவுடனை எவ்வளவு சந்தோசம்.

“உனக்கு வெக்கமில்லையோ?” என்றேன். வாழ்க்கையில் முதல்முறை அவரை ‘நீ’ என்றேன். அவர் ஷிப்டுக்குப் போகும்போது கதவை அடிக்காமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அடித்திருந்தால் நல்லது.

செப்டெம்பர் 27

கத்தரினைக் கோப்பிக் கடையில் சந்தித்தேன். அவர் தோடம்பழச் சாறு குடித்தார். உங்கள் அப்பாவின் கதையை அண்ணையிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன்.

மறுத்துவிட்டார். “நான் மடைச்சி இல்லை. தெரிந்துகொண்டுதான் இந்தச் சபையில் இருக்கிறேன். உன் அண்ணனுக்கு எறிய என் அப்பாவைக் கல்லாக எடுக்காதே.”

கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போது அவர் சொன்னது சரி என்று பட்டது. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

நவம்பர் 9, திங்கள்

அப்பா செத்துப்போனார். ஒக்டோபர் 19. மூன்று கிழமை கழித்துக் கொழும்பிலிருந்து ஒருவர் போன் எடுத்துச் சொல்கிறார். காய்ச்சலாம். இந்திய ஆமி வந்து ஊரடங்கு போட்ட நாட்கள். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக ஒருத்தரும் றோட்டில் இறங்க ஏலாது.

அண்ணை தொலைபேசியைக் காதில் வைத்தபடி, ஓம், ஓம், ஓம் என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 10

வேலைக்குப் போனேன். சலவைக்கு வந்த ஆசுபத்திரி விரிப்புகளை எண்ணாமல் மெசினுக்குள் போட்டேன்.

1988 பெப்ரவரி 14

அண்ணை மெல்லத் தொடங்கினார். அவர்கள் சமயத்தில் செத்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் தொட்டியில் முழுகி அவர்களையும் சபையில் சேர்த்துக்கொள்ளலாமாம். செத்து ஒரு வருசம் போக வேணும். சரேயில் நியூசப்பல் என்ற இடத்தில் இருக்கும் பெரிய கோயிலில் செய்வார்கள். அப்பாவின் பெயரைக் கொடுக்கப் போகிறாராம். அப்பாவுக்காகத் தானே தண்ணீரில் இறங்கப் போகிறாராம்.

கள்ளுச் சீவினவரைக் கள்ளுத் தொடாதவர்களின் தண்ணீரில் முழுக்காட்டப் போகிறார்.

“அப்பாவைக் கேட்டனீங்களோ?”

“செத்தவரை எப்பிடிக் கேக்கிறது?”

“அப்ப விடுங்கோ.”

“அவருக்கு ஒரு கோயிலும் கதவு திறக்கேல்லை, பிள்ளை. நான் ஒண்டையாவது திறந்து விடுறன்.”

திறந்தது. அவருக்கு மறந்துபோச்சோ? மறந்திருக்காது. அவர் பக்கத்தில் நின்றவர்.

பெப்ரவரி 15

இதை எழுதி வைக்க வேணும்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் அறுபத்தொன்பதில் எங்களுக்குத் திறந்தது. அதற்கு முந்தின வருசம் உள்ளே விடச் சொல்லி வாசலில் இருந்ததற்கு அப்பாவின் தலையில் போத்திலால் அடித்தார்கள். தழும்பு சாகும்வரை இருந்தது. பிறகு ஒருநாள், ஏனென்று ஒருவரும் சொல்லாமல், கதவு திறந்தது. அப்பா தோய்ந்து, வேட்டி கட்டி, அண்ணையைக் கையில் பிடித்துக்கொண்டு போனார். எனக்கு நாலு வயது, வீட்டில் இருந்தேன். கதை முழுக்க அண்ணை சொன்னதுதான்.

வாசலில் கோயில் மனேச்சர் நின்றார். அப்பா கேட்டாராம்: “இவ்வளவு காலமும் விடாதது பிழைதானே, ஐயா?”

“பழசை ஏன் கிளறுவான், செல்லன். இப்ப திறந்துதானே கிடக்கு. வா.”

அப்பா திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தக் கோயிலுக்குள் போகவில்லை. திருவிழாவுக்கு எல்லாரும் போனார்கள், அம்மாவும் போனார். அப்பா கடைசி வரைக்கும் வெளியே நின்ற மனுசன். விட்டதால் அல்ல, விடாததாலும் அல்ல. பிழை என்று ஒரு சொல் சொல்லாததால்.

இப்போது அவரைக் கேட்காமல் இன்னொரு வாசலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதுவும் அப்படியே திறந்த வாசல்.

ஏப்ரல் 3

அண்ணையிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். கத்தவில்லை. “அப்பா கேட்ட கேள்வியை அங்கை கேட்டுப் பாருங்கோ. ஓம், பிழைதான் எண்டு சொன்னால் நானே உங்களோடை வாறன். தலை துடைக்கத் துவாயும் கொண்டு வாறன்.”

“அவையள் அப்பிடிப்பட்ட ஆக்கள் இல்லை” என்றார்.

எப்படிப்பட்ட ஆக்கள்?

ஜூன் 19

அண்ணை இன்னும் கேட்கவில்லை. பயம். பதில் அவருக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 28

ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பானை. பேச்சு இல்லை. எனக்கு லண்டனில் இருக்கிற ஒரே சொந்தம் இது. தோற்றால் அப்பாவும் போவார், அண்ணையும் போவார். வென்றாலும் அண்ணை மிஞ்சுவாரோ தெரியாது.

ஒக்டோபர் 9, ஞாயிறு

அண்ணை வழமையைவிடப் பிந்தி வந்தார். கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். பிறகு அவராகச் சொன்னார்.

அடுத்த சனிக்குப் பிறகு வருகிற சனி, 22ஆம் திகதி, கோயிலுக்கு வான் போகிறதாம். போகிறவர்கள் ஒரு அறையில் கூடியிருந்தார்கள். அப்பாவின் பெயரைக் கொடுக்க எழும்பிய அண்ணை கேட்டுவிட்டார்.

“கறுப்பு ஆக்களை எழுவத்தெட்டு வரைக்கும் விடாதது பிழைதானே எண்டு கேட்டன்.”

“என்ன சொன்னவை?”

“ஏன் அப்பிடி இருந்தது எண்டு எங்களுக்குத் தெரியாது எண்டு சபைத் தலைவர் சொன்னார். கடவுள்தான் மாத்தினவர் எண்டார். பழசைக் கிளறாமல் முன்னுக்குப் பாப்பம் எண்டார். நல்ல மனுசன், பிள்ளை. எனக்கு வேலை எடுத்துத் தந்தவர். தோளிலை கை வைச்சுக்கொண்டுதான் சொன்னவர். வா எண்டவர்.”

அண்ணை அழவில்லை. நானும் அழவில்லை. அவர்தான் திரும்பச் சொன்னார்: “கத்தரின் அங்கை இருந்தவ. நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவ. போகேக்கை வாசலிலை வைச்சுச் சொன்னா, தன்ர அப்பா அதைக் கேக்கேல்லையாம்.”

“கொடுத்தனீங்களோ பேரை?”

“இல்லை.”

வென்றுவிட்டேன் என்று எழுதலாம். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு எழுத மனமில்லை.

ஒக்டோபர் 16, ஞாயிறு

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போய்விட்டார். இனிப் போகமாட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இன்னும் ஏன்?”

“அங்கை எனக்கு ஆக்கள் இருக்கினம்” என்றார். “நீ தில்லையம்பலத்தாரிட்டையோ போகச் சொல்லுறாய்?”

பாவிகள். எல்லாப் பக்கமும் பாவிகள்.

ஒக்டோபர் 19, புதன்

அப்பாவின் ஆண்டுத் திவசம். திதி பார்க்க ஐயர் வேணும். அப்பாவுக்கு ஐயர் வேண்டாம். தேதியைப் பார்த்தோம்.

அண்ணை வேலைக்கு லீவு போட்டார். நான் சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காயும் சமைத்தேன். அப்பாவின் படத்தை மேசையில் சாத்திவைத்து வாழையிலைக்குப் பதிலாகத் தட்டில் படைத்தோம். ஒரு சுருட்டும் வைத்தேன். சட்டன் பக்கம் ஒரு கடையில் தேடிப் பிடித்தது.

அண்ணை எழும்பிக் குசினிக்குள் போனார். கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஒன்றரை வருசமாகத் தேயிலைப் பெட்டியைத் தொடாத மனுசன். எவ்வளவு தூள், எவ்வளவு நேரம், எல்லாம் மறந்திருக்குமென்று நினைத்தேன். மறக்கவில்லை. அப்பா குடிப்பது மாதிரிக் கடும் சாயம், பால் இல்லை, பக்கத்தில் கடிக்க ஒரு துண்டுப் பனங்கட்டி.

அலுமாரியில் கப்புகள் முன்னுக்கு இருந்தன. அவற்றை விலக்கி, அந்தப் பொடியனுக்குத் தண்ணி கொடுத்த கண்ணாடிக் கிளாசை எடுத்தார். கழுவி, துடைத்து, ஊற்றி, படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

ஆவி அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தோம்.

பிறகு ஒரே தட்டில் பகிர்ந்து சாப்பிட்டோம். அண்ணை தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கிளாசை என் பக்கம் தள்ளிவிட்டார். நான் குடித்தேன்.

சனிக்கிழமை நியூசப்பல் கோயிலுக்கு வான் போகும். அண்ணைக்கு அன்றைக்கு ஷிப்ட்.