படகில் பூட்டிய கார் செற்

8 செப்டம்பர் 1998

இன்று இரண்டு காருக்கும் ஒரு வானுக்கும் செற் பூட்டினேன். மழையால் மருதானை முழுக்கச் சேறு. பின்னேரம் முதலாளி ஸாலிஹின் மச்சான் நிலாம் கடைக்கு வந்தான். முகத்துவாரத்தில் மீன் படகு வைத்திருப்பவன். படகில் பாட்டுக் கேட்க ஒரு கார் செற் பூட்ட வேண்டுமாம். சிரித்துவிட்டேன். நாலு நாள் கடலில் கிடந்தால் எஞ்சின் சத்தத்தையும் கூடப் போகிற அலவியின் குறட்டையையும் விடக் கேட்க ஒன்றுமில்லை என்றான். "காருக்குப் பூட்டுற யோகண்ணனுக்கு கடலுக்குப் பூட்ட ஏலாதா?"

ஏலாது என்று சொல்லிப் பழகாத வாய் எனக்கு. ஞாயிறு வருகிறேன் என்றேன்.

13 செப்டம்பர்

கொட்டாஞ்சேனை அறையிலிருந்து முகத்துவாரம் பத்து நிமிட வழி. சாமான் பையோடு போனதால் ஒன்றரை மணித்தியாலம். சோதனைச் சாவடியில் வயர்ச் சுருளை அவிழ்த்து நிலத்தில் பரப்பச் சொன்னார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பிறந்த இடம் வடக்கே பருத்தித்துறை. அதை வாசித்ததும் தள்ளி நின்றவனும் கிட்ட வந்தான். நிலாம் வந்து சிங்களத்தில் சிரித்துக் கதைத்து என்னை மீட்டான்.

படகில் வேறு வெட்கக்கேடு. செற் பாடவில்லை. காரில் நெகற்றிவ் வயரைத் தகட்டில் ஒரு ஆணியில் முறுக்கினால் போதும். முழுக் காரும் இரும்பு. அதே பழக்கத்தில் இங்கேயும் ஒரு ஆணியில் முறுக்கிவிட்டு முழிக்கிறேன். படகு முழுக்க பைபர், கரண்ட் ஓடாது! கடைசியில் பற்றறி வரைக்கும் தனி வயர் இழுத்தேன். பாடியது. அலவி இடுப்பை ஆட்டினான். இருபது வருட வேலைக்காரன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

20 செப்டம்பர்

மறுபடி படகு. ஸ்பீக்கர்கள் முன்னுக்கு இருப்பதால் சுக்கான் பிடிக்கிறவனுக்குக் கேட்கவில்லையாம். இரண்டையும் கழற்றி சுக்கானுக்கு முன்னால் உள்ள தட்டில் பூட்டினேன். நடுவில் திசைகாட்டி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். கார் டாஷ்போர்ட் தோற்றுப்போகும். நிலாமுக்கும் சந்தோஷம்; எனக்கு அதைவிடச் சந்தோஷம். இந்தமுறை பிழை விடவில்லை.

4 ஒக்டோபர்

நிலாம் இரண்டு அறக்குளா மீன் கொண்டுவந்தான். திசைகாட்டி முள் கொஞ்சம் ஒரு மாதிரி நிற்கிறது என்றான். உப்புக்காற்றில் முள் இறுகியிருக்கும், தட்டிப் பார் என்றேன். அவன் பெரிதாக எடுக்கவில்லை. கரை வெளிச்சத்தையும் வெள்ளியையும் பார்த்து ஓட்டுகிறவன். வானம் மூடினால்தான் முள்ளைப் பார்ப்பானாம்.

13 ஒக்டோபர்

நாலு நாளாக வானம் மூடிக் கிடக்கிறது.

17 ஒக்டோபர்

கடலுக்குப் போன நிலாம் புதன்கிழமை வந்திருக்க வேண்டும். ஸாலிஹ் கடையில் இருந்தபடி வாசலையே பார்க்கிறார். எஞ்சின் பழுதாக இருக்கும் என்றேன். நல்ல எஞ்சின்தான் அது.

19 ஒக்டோபர்

தீபாவளி. குளித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

22 ஒக்டோபர்

உயிரோடு இருக்கிறார்கள். கற்பிட்டிக்கு வடக்கே, போகக்கூடாத கடலில் கடற்படை ரோந்துப் படகு பிடித்ததாம். நிலாமின் மனைவி பலீலா, அடைத்து வைத்திருக்கிற இடத்தில் அவனைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தாள். மூன்று இரவும் கரை தெரியவில்லையாம், முள்ளைப் பார்த்து வீட்டுக்குத்தான் வந்தார்களாம். அங்கே யார் நம்புகிறார்கள்? வடக்கே யாருக்குச் சாமான் கொண்டுபோனாய், பற்றறி எதற்கு, வயர் எதற்கு என்று கேட்கிறார்களாம். "சோத்தக் கொழச்சி வாயில வைக்க ஏலாம இருக்கார். வலது கைய தூக்கவே முடியல்ல" என்றாள். பிறகு ஸாலிஹின் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள்.

முள் ஏன் பிழையாகக் காட்டியது? உப்புத்தானா?

26 ஒக்டோபர்

ஐயோ. நான்தான்.

இன்று வந்த வானின் டாஷ்போர்ட்டில் ஒரு விளையாட்டுத் திசைகாட்டி, தண்ணீருக்குள் மிதக்கிற உருண்டை. புது ஸ்பீக்கரை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். உருண்டை சுற்றியது. எடுத்தேன், திரும்பி வந்தது. வைத்தேன், சுற்றியது. ஸ்பீக்கரின் முதுகில், ஒவ்வொரு நாளும் திருப்புளி போய் ஒட்டுகிற காந்தம்தானே! இருபது வருஷமா கையில வைச்சிருக்கிறன். காருக்கு வழி காட்ட முள் தேவையில்லை, றோட்டு இருக்கு. கடலுக்கு என்ன இருக்கு? முள் சொன்னது, நிலாம் வந்து சொன்னவன், நான் தட்டிப் பார் எண்டு சொன்னனான்.

ஸாலிஹிடம் சொன்னேன். நீர் அங்கே போகவேண்டாம், நிலாமின் லோயரிடம் நான் சொல்கிறேன் என்றார்.

28 ஒக்டோபர்

லோயர் விசாரிக்கிறவர்களிடம் சொல்லிப் பார்த்தாராம். பாட்டுப் பெட்டி படகைத் திருப்புமா என்று சிரித்தார்களாம். பூட்டியவன் யார், வரச் சொல் என்றார்களாம். ஸாலிஹ் பெயர் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் இரத்தினசிங்கம் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பருத்தித்துறை, பற்றறி, வயர், படகு. இந்த நாலையும் ஒரே வாயால போய்ச் சொல்லப்போறீரோ? அறைய விட்டிட்டு கொஞ்ச நாளைக்கு எங்கையாவது போம்." அவர் சொல்வது முழுக்க உண்மை.

30 ஒக்டோபர்

இரண்டு நாளாகச் சாப்பிடும்போது என் வலது கையைத்தான் பார்க்கிறேன்.

1 நவம்பர்

வான்காரரிடம் அந்த உருண்டையை இரவல் வாங்கியிருக்கிறேன். ஒரு ஸ்பீக்கரும் எடுத்து வைத்தாயிற்று. வாயால் சொன்னால் சிரிப்பார்கள்; கண்ணால் கண்டால் சிரிக்க முடியாது. நாளை காலை ஸாலிஹோடு போகிறேன். இந்த டயறியைக் கடை மேசை லாச்சியில் வைத்துவிடுவேன். நன்றாக விளங்கப்படுத்த வேண்டும். அதுதான் முக்கியம்.

15 டிசம்பர்

இது கொப்பித் தாள். பக்கத்துப் பாயில் படுக்கிறவர் தந்தது.

இன்று நிலாம் என்னைப் பார்க்க வந்தான். நான் போன ஒன்பதாம் நாளே அவனையும் அலவியையும் விட்டுவிட்டார்கள்.

நான் போன அன்று, விசாரித்த அதிகாரி என்னை ஏசவில்லை. கதிரை தந்தார். உருண்டை சுற்றியதும், ஸ்பீக்கரைத் தானே வாங்கிக் கிட்டக் கொண்டுபோய், எடுத்து, மறுபடி கொண்டுபோய்ப் பார்த்தார். சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷம். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு கேட்டார்: அப்படியென்றால், ஓட்டுகிறவனுக்கே தெரியாமல் ஒரு படகை வடக்கே கொண்டுபோகலாமா?

நல்ல கேள்வி என்று நினைத்தேன். கொண்டுபோகலாம் சேர் என்றேன். காந்தத்தை எந்தப் பக்கம் வைத்தால் முள் எந்தப் பக்கம் போகும் என்று தாளில் கீறியும் காட்டினேன். இருபது வருடத்தில் ஒருவரும் என் வேலையை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. அந்தத் தாளின் அடியில் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அதற்குப் பிறகுதான் பிறந்த இடத்தைக் கேட்டார்.

நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் நம்பாமல் விடவில்லை.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று, நீங்க வரமாட்டீங்கன்டுதான் நெனச்சன் என்றான் நிலாம். முள் எப்படி என்று கேட்டேன். ஸ்பீக்கர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்களாம், இப்போது சரியாகக் காட்டுகிறதாம். சுக்கானை அலவிதான் பிடிக்கிறானாம். நேரம் முடிந்தது என்று ஆள் கத்தினான். என் வழக்கின் அடுத்த தவணை ஜனவரி பன்னிரண்டு என்று சொன்னேன், கேட்டதோ தெரியாது. வாசலில் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினான். இடது கை.